உட்கார மறுத்த அடுப்பங்கரை

மண்ணடுப்பில் ஆக்கிய சோற்றுக்கு ஈடு உண்டா என்று உருகுகிறவர்களிடம் நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன்: அந்தச் சோற்றை வடித்தது நீங்களா? இதுவரை ஒருவர்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. இந்தக் கேள்வியால் எனக்குச் சில நட்புகள் குறைந்திருக்கின்றன. குறையட்டும்.

பினாங்கில் பழைய கடைவீடுகளைச் செப்பனிடுவது என் பிழைப்பு. முகப்பையும் மாடிப்படியையும் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். பின்கட்டைப் பார்க்க ஆளில்லாததால் அது என் பங்காயிற்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் பல மூலைகளில் அடுப்பங்கரை தலைகீழாக மாறியது. தரையில் கிடந்த நெருப்பு இடுப்பு உயரத்துக்கு ஏறியது. புகைக்கு ஒரு வழி பிறந்தது. சுவரைக் குடைந்து சன்னல் வைத்தார்கள். கொல்லையில் இருந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஐரோப்பாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சமையலறையை அளந்து அளந்து வரைந்தார்கள். எங்கள் ஊர்க் கடைவீடுகளில் செங்கல் மேடை எழுந்தது. புதுச்சேரிக் கிராமங்களில் இதை யார் செய்தார்கள், யாரை எதிர்த்துச் செய்தார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்தபோதுதான் சேகர் கூப்பிட்டார். பினாங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். ஏம்பலத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊர். அங்கே பூர்வீக வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிறார்கள்.

"எங்க வூட்ட வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குற மாரி ஆக்கப் போறேன்கா. நம்ம பழைய வாழ்க்கய அவங்க கண்ணால பாக்கணும். அடுப்பங்கரைய மட்டும் நீங்க பாத்து, ஆதியில எப்படி இருந்திச்சோ அப்படி ஆக்கிக் குடுங்க" என்றார்.

ஆதி என்ற சொல் எனக்கு எப்போதுமே சந்தேகத்தைக் கிளப்பும். ஆனாலும் புறப்பட்டேன். ஆடி மாதம்.

வியாழக்கிழமை புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் "வில்லியனூர், வில்லியனூர்" என்று கூவியவரை நம்பி ஏறினேன். வில்லியனூரில் இறங்கி ஏம்பலம் பேருந்துக்கு மாற வேண்டும். கூட்டத்தில் என் பெட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நசுங்கி நின்றதில் வில்லியனூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அது விழுப்புரம் பேருந்து. வழியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வந்தது. மதுக்கடைப் பலகைகள் பெருகுவதையும் குறைவதையும் வைத்துத்தான் எந்த அரசாங்கத்தின் எல்லையில் இருக்கிறேன் என்று ஊகித்தேன்.

"இன்னாம்மா நீ, வில்லியனூர் வில்லியனூர்னு தொண்ட கிழியக் கத்துறேன், எறங்க மாட்டியா?" என்று நடத்துனர் திட்டி, திருபுவனையில் இறக்கிவிட்டார்.

தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரம். சீருடை மேல்கோட்டு போட்ட பெண்கள் கும்பல் கும்பலாகச் சாலையைக் கடந்தார்கள். அவர்களில் திருவாண்டார்கோயில்காரி ஒருத்தி என் பெட்டியைப் பார்த்து நின்றாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சமையக்கட்டு பாக்கவா மலேசியாலேருந்து வந்தீங்க? எங்க வூட்டுக்கு வாங்கக்கா. ஒரே ரூமு. கட்டில்ல உக்காந்துக்கினே கைய நீட்டி காஸ் அடுப்பப் பத்த வெக்கலாம்."

அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டு அடுப்பைப் படுக்கையிலிருந்து பிரித்தார்கள் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் ஷேர் ஆட்டோ ஒன்றை மறித்து என்னை உள்ளே திணித்துவிட்டாள்.

வில்லியனூரில் ஒரு சின்னக் கடையில் பூரியும் உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் ஒரு கரண்டி பருப்புக்குழம்பைத் தலையில் ஊற்றித் தருவார்கள். இங்கே குழம்பை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏம்பலம் பேருந்து வந்து நின்றது. பக்கத்தில் உரமூட்டையோடு உட்கார்ந்திருந்தவரிடம் சேகர் வீட்டை விசாரித்தேன்.

"மலேசியாக்காரர் வூடா? அப்டி கேட்டா யாருக்கும் தெரியாது. நின்னம்மா வூடுன்னு கேளுங்க, சின்னப் புள்ளகூட கொண்டாந்து உடும்."

அது என்ன பெயர் என்று கேட்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.

சேகரின் அண்ணன் கலியபெருமாள் வாசலில் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒரு வாக்கியத்தைப் பேசுவதற்கு முன் நாலு முறை தொண்டையைச் செருமுகிற மனிதர். அவர் மனைவி அஞ்சலாட்சி அதற்கு நேர்மாறு. நல்ல உயரம், கணீரென்ற குரல். "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டாள். "பசியாறிட்டேன்" என்றேன், எங்கள் ஊர் வழக்கப்படி.

"இன்னாக்கா, ரெண்டு நாள் பட்டினி கெடந்த மாரி சொல்றீங்க" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "எத இடிக்கணும்னு சொல்றதுக்குத்தான உங்கள அனுப்பிச்சிருக்காரு?"

"பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.

"பாருங்க" என்று உள்ளே அழைத்துப் போனாள்.

வீட்டின் கடைசிக் கட்டு அது. கிழக்குச் சுவரை ஒட்டி, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நீண்ட மேடை. மேலே சிவப்புச் சிமெண்டு பூசி, தேய்ந்து தேய்ந்து கண்ணாடிபோல் இருந்தது. முன்பக்கம் விறகு வைக்க மூன்று வாய். மேலே ஒரு கூடு போலக் கட்டி, அங்கிருந்து புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. மேடையின் ஒரு கோடியில் காஸ் அடுப்பு. அன்றாடக் காப்பியும் தோசையும் அதில். மீன்குழம்புக்கும் பெரிய சமையலுக்கும் விறகு. வலப்பக்கம் சன்னல். இடப்பக்கம் கதவைத் திறந்தால் இரண்டு எட்டில் கிணறு. யாரோ ஒருவர் நின்று, திரும்பி, கை நீட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார்.

சுவரின் கீழ்மூலையில் வெள்ளை உரிந்த இடத்தை லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே தடித்த கரி. அங்கே ஒரு காலத்தில் தரையில் அடுப்பு இருந்திருக்கிறது. மேடை பிறகு வந்தது. கொள்ளுத்தாத்தா காலத்தது என்று கலியபெருமாள் சொன்னார். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மனைவிதான் நின்னம்மா. நின்று சமைத்ததால் ஊர் வைத்த பட்டப்பெயர். அது கேலியாகத்தான் தொடங்கியிருக்கிறது.

"டவுன்ல வெள்ளக்காரன் வூட்டுக்குக் கறிகாய் கொண்டு போவாங்களாம். அங்க சமையக்காரன் மேடமேல அடுப்ப வெச்சி நின்னுக்கினு ஆக்குறதப் பாத்துட்டு வந்து, கொத்தனாரக் கூப்ட்டு வுட்டாங்களாம்" என்றார் கலியபெருமாள்.

"அதெல்லாம் இல்ல. அவங்களுக்குக் கால் மடங்காதாம்" என்றாள் அஞ்சலாட்சி. "இன்னொருத்தர் கேட்டா வயித்துல புள்ளன்னு சொல்லுவாங்க. யாருக்கும் தெரியாது. நிக்கணும்னு தோணிச்சி, நின்னாங்க. அதுக்கு ஒரு காரணம் வேற வேணுமா?"

நின்னம்மாவின் மாமியார், அந்த மேடையில் அவள் ஆக்கிய சோற்றைத் தொட மறுத்தாராம். நின்று ஆக்கிய சோறு நெஞ்சில் நின்றுவிடும் என்றாராம். "நிக்கட்டும்" என்றாளாம் நின்னம்மா. மாமியார் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தட்டோடு வந்து உட்கார்ந்தாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது கலியபெருமாள் செருமவே இல்லை.

வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சி என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாகூர்ப் பக்கம் போனாள். அது அவள் பிறந்த பக்கம். பழைய அடுப்பங்கரைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு கணக்கு அவளிடம் இருந்தது. கரும்பு வண்டிக்கு ஒதுங்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஓட்டினாள்.

முதல் வீட்டில் அடுப்பங்கரை ஒரு காலத்தில் தனியாகக் கொல்லையில் இருந்திருக்கிறது. கூரைவீட்டில் நெருப்புப் பிடிக்குமே என்ற பயம். ஓடு போட்ட பிறகு அதை வீட்டோடு சேர்த்திருக்கிறார்கள். அதுவரை மழைநாளில் குழம்புச்சட்டியைப் புடவைத் தலைப்பால் மூடி ஓடி ஓடிப் பரிமாறியிருக்கிறார்கள் பெண்கள். சேர்த்துக் கட்டிய தடம் சுவரில் விரல்விடும் அளவுக்குப் பிளவாக இன்னும் தெரிகிறது.

இரண்டாவது வீட்டில் ஒரு சன்னல். நான் அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்தேவிட்டேன். சுவர் கட்டி முடித்துப் பிற்பாடு வெட்டிய சன்னல் அது. அப்புறம் யாரோ செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அப்புறம் மறுபடி உடைத்துத் திறந்திருக்கிறார்கள். விளிம்பில் மூன்று விதமான பூச்சு. வீட்டுக்காரப் பெண்மணி ஆசிரியர். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். புகை போகட்டும் என்று ஒரு மருமகள் திறக்கவைத்திருக்கிறாள். தெருவில் போகிற ஆண்கள் பார்ப்பார்கள் என்று மாமனார் அடைத்திருக்கிறார். அவர் போன பிறகு மறுபடி திறந்திருக்கிறாள்.

"அதே மருமகளா?"

"அவங்களேதான். அந்த எடத்துல நின்னுக்கினு தெருவுல போறவங்களப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களாம், மாமனாருக்குக் கோவம் வரட்டும்னே."

அடுப்பங்கரை காலம் மாறியதால் மாறியது என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அந்தச் சன்னலடியில் எனக்கு அந்த வாக்கியத்தின்மேல் எரிச்சல் வந்தது. காலமா வந்து சுவரை இடித்தது? கண்ணெரிந்த ஒருத்தி இடித்தாள்.

திரும்பும் வழியில் பாகூர் ஏரிக்கரை தாண்டியதும் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டே கடையைப் பிடித்தோம். அங்கே மரத்தடியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரர் டயரைக் கழற்றும் நேரத்தில் புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் ஆடுசதையைக் காட்டினாள். முட்டிக்குக் கீழே தோல் சுருங்கி, பளபளவென்று வேறு நிறத்தில் இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்ன, எங்கம்மா வூட்ல. தரையடுப்பு. குந்திக்கினு கொழம்பக் கிண்டுறேன், பாவாட நெருப்புல பட்டது தெரியல. குந்தின ஆளு சட்டுனு எந்திரிக்க முடியாதுக்கா. நின்னுக்கினு இருந்தா ஒதறிட்டு ஓடலாம். கைய ஊனி எந்திரிக்கறதுக்குள்ள இவ்ளோ வெந்து போச்சி." தம்ளரில் மீதியிருந்த சாற்றைக் குடித்தாள். "இந்த வூட்டுக்குப் பொண்ணு பாத்தப்ப எல்லாரும் நெலத்தப் பாத்தாங்க. நான் மேடயப் பாத்தேன். சரின்னுட்டேன்."

"சேகருக்கு இது தெரியுமா?"

"தெரியும். வெள்ளக்காரங்க வந்தா ஒரு மணி நேரம் உக்காருங்க போதும் அண்ணின்றாரு." பஞ்சர் ஒட்டிய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள். "ஒரு நிமிசம்கூட உக்கார மாட்டேன்."

சனிக்கிழமை காலையில் சேகர் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தார். கூடவே புகைப்படம் எடுக்க வடக்கேயிருந்து ஒரு பெண், கடப்பாரையோடு கொத்தனார் ஏழுமலை. நான் அடுப்பங்கரைக்குப் போனபோது மேடையில் மூன்று வாயிலும் நெருப்பு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மூன்று அண்டா. தெருப்பெண்கள் ஏழெட்டுப் பேர். மறுநாள் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். அவரவர் வீட்டு காஸ் அடுப்பில் அண்டாவை ஏற்ற முடியாது. "இந்த வருசம் நம்ம தெருக் கூழ் பூரா என் மேடையிலதான்" என்று அஞ்சலாட்சி முந்தினநாளே வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. சேகருக்கும் தெரியாது.

நொய் கொதித்துக்கொண்டிருந்தது. புளித்த கேழ்வரகு மாவை ஊற்றி, ஆள் உயரத் துடுப்பால் இரண்டு பெண்கள் கிண்டினார்கள்.

"இன்னா அண்ணி இது?" என்றார் சேகர்.

"அம்மனுக்குக் கூழு தம்பி. கடப்பாரைய வெளிய வெக்கச் சொல்லுங்க, யார் கால்லயாவது வுழப் போவுது."

"இன்னிக்கு இடிக்கலாம்னு சொல்லியிருந்தேனே."

"ஆடி மாசத்துலயா?"

"ஆடியில கட்டத்தான் கூடாது. இடிக்கலாம். ஆவணி பொறந்ததும் தரையில புதுசா அடுப்பு போட்டுக்கலாம்."

"அப்ப இடிங்க." அஞ்சலாட்சி நகர்ந்து வழிவிட்டாள். "எரியிற அடுப்ப இடிச்சி எனக்குப் பழக்கமில்ல. உங்களுக்குப் பழக்கமிருந்தா வாங்க."

ஏழுமலை கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். "அம்மன் கூழு வேவுது. நான் கை வெக்க மாட்டேன் சார்" என்றார். கிணற்றடியில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

சேகர் என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்த்ததுதான்.

"நீங்க சொல்லுங்கக்கா. இங்க மொதல்ல தரையடுப்புதானே இருந்தது? இந்த மேடை நடுவுல வந்ததுதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கரியை யாருக்கும் காட்டாமலிருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய நிலைமையில் அந்த மேடை இல்லை என்று எனக்குப் பட்டது.

"ஆமாம். தரையில்தான் இருந்தது" என்றேன். அஞ்சலாட்சி துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த வீட்டுப் பெண் ஒருத்தி அதை வேண்டாம் என்று இடித்துவிட்டு இதைக் கட்டினாள். ஊரே சிரித்தபோதும் கட்டினாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு உங்கள் வீட்டுப் பழைய வாழ்க்கையைக் காட்டவேண்டும் என்றால் இதைக் காட்டுங்கள். இதை இடித்துவிட்டுத் தரையில் அடுப்பு போட நான் வரைந்து தரமாட்டேன்."

"அப்ப எதுக்கு உங்களக் கூப்ட்டேன்?"

"பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன்."

அவர் முகம் சிவந்தது. பினாங்கில் அவர் கடையின் பின்கட்டை அடுத்து நான்தான் செப்பனிடுவதாகப் பேச்சு. அதை வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுங்கள் என்றேன். எனக்கும் கோபம் ஏறியிருந்தது.

புகைப்படக்காரப் பெண் மூலையில் நின்று யாரிடமோ ஆங்கிலத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இங்கே குடும்பச் சண்டை. ஆனால் வெளிச்சம் அற்புதமாக இருக்கிறது" என்றது என் காதில் விழுந்தது.

அஞ்சலாட்சி துடுப்பைப் பக்கத்துப் பெண் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, சண்ட வேணாம். நீங்க சோத்துக்கட வெச்சிருக்கிறவரு. கொல்லையில மூணு கல்லு வெச்சித் தரேன். குந்திக்கினு ஒரு வேளச் சோறு ஆக்குங்க. ஆக்கிட்டீங்கன்னா தரையில அடுப்பு போட எனக்குச் சம்மதம்."

பெண்கள் கிண்டுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் அவர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். அந்த வீட்டு ரத்தம் அவர் உடம்பிலும் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டோம். கால்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

கொல்லை முருங்கைமரத்தடியில் மூன்று செங்கல். விறகு அரைகுறை ஈரம். சேகர் குந்தினார். முதலில் காற்று ஒரு பக்கம் அடித்தது; அவர் நகர்ந்தால் புகையும் கூடவே நகர்ந்தது. ஊதுகுழலை வைத்து ஊதினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உலை கொதிப்பதற்குள் இரண்டு முறை பின்னால் சாய்ந்து விழப்போனார். கால் மரத்துப்போய் எழுந்து உதற வேண்டியிருந்தது. எழுந்தால் தீ அணைந்தது. மறுபடி குந்தினார்.

பெண்கள் கதவருகே நின்று முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, "வெறக உள்ள தள்ளுங்க தம்பி" என்றாள். இன்னொருத்தி, "பொங்குது பாரு, மூடிய எடுங்க" என்றாள். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒருத்தரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாயிற்று.

கஞ்சி வடிக்கும்போதுதான் அது நடந்தது. குந்தியபடியே பானையைச் சாய்த்தார், துணி வழுக்கியது, கொதிகஞ்சி கால் பெருவிரலில் கொட்டியது. பானையை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை வடித்து, நிமிர்த்தி வைத்தார். அப்புறம்தான் "அம்மா" என்று காலைப் பிடித்தார். அஞ்சலாட்சி ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

சோறு வெந்திருந்தது. அடியில் கொஞ்சம் தீய்ந்தது, அவ்வளவுதான்.

"ஆக்கிட்டேன் அண்ணி" என்றார். "சொன்ன சொல்லு சொல்லுதானே?"

அஞ்சலாட்சி ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"சொல்லுதான். தரையில அடுப்பு போட்டுக்குங்க. இங்கியே, இந்த மரத்தடியில. வர்றவங்களுக்கு நீங்களே குந்திக்கினு ஆக்கிக் காட்டுங்க. நல்லாத்தான் ஆக்குறீங்க."

"நான் கேட்டது அது இல்ல."

"நான் சொன்னது அதான். அடுப்பு போடச் சம்மதம்னேன். நான் உக்காருறேன்னு எப்பச் சொன்னேன்? என் மேடயத் தொடுறேன்னு எப்பச் சொன்னேன்?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. சேகர் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். "நீ இன்னாண்ணா சொல்ற? வூடு நம்ம ரெண்டு பேர்துதானே?"

கலியபெருமாள் செருமினார். மறுபடி செருமினார். மனைவியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மனிதர் இப்போதும் வாயைத் திறக்கப்போவதில்லை என்று நான் முடிவுகட்டிய நேரத்தில் பேசினார்.

"சேகரு, நம்ம அம்மா நின்னுக்கினுதான்டா நமக்குச் சோறு ஆக்குனா. நீ மேடயப் புடிச்சிக்கினு அவ பக்கத்துல நின்னு அழுவ. அவ இந்த வூட்ல உக்காந்து ஆக்குன ஒரு நாள் உனக்கு ஞாபகம் இருக்குதா?"

சேகர் குனிந்து வெந்த விரலைப் பார்த்தார்.

"எனக்கு இல்ல" என்றார் கலியபெருமாள். "நம்மகிட்ட இல்லாத ஒண்ண யாருக்குடா காட்டப் போற? முன்கட்டு ரூமெல்லாம் நீ எடுத்துக்க. இன்னா வேணா பண்ணிக்க. அடுப்பங்கரை அவளுது." கடப்பாரையை எடுத்து ஏழுமலையிடம் கொடுத்தார். "கெளம்பு ஏழுமல."

தான் பேசியது தனக்கே திகைப்பாயிருந்ததுபோல, உடனே மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அஞ்சலாட்சி உள்ளே போய்த் துடுப்பை வாங்கிக்கொண்டு மறுபடி கிண்டத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்தாள். புகை என்று சொல்வதற்கு அங்கே புகையே இல்லை. எல்லாம் புகைபோக்கி வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூழ் வார்த்தார்கள். சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக்குழம்பு. கடற்கரையிலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரப் பெண்மணி கருவாட்டைக் கொடுத்துவிட்டு, தானும் பாத்திரத்தோடு வரிசையில் நின்றாள். எங்கள் பினாங்குத் திருவிழாவில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே மூன்றாம் முறை வருகிறவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றுகிறார்கள்.

விரலில் கட்டுடன் சேகரும் சொம்பை நீட்டினார். அஞ்சலாட்சி கூழை ஊற்றிவிட்டு, "கால் எப்படிக்கீது?" என்றாள்.

"எரியுது."

"மூணு நாளு எரியும். எனக்குத் தெரியும்" என்று சொல்லி, கருவாட்டுக்குழம்பை இன்னொரு கரண்டி விட்டாள்.

அவர் அங்கேயே நின்று குடித்தார். அன்று மாலையே கிளம்பிவிட்டார். விடுதி வருமா, வராதா, முருங்கைமரத்தடியில் அடுப்பு போடுவாரா, ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "நீங்க என் பக்கம் பேசுவீங்கன்னு நெனச்சேன்கா" என்றார். பினாங்கில் அவர் கடை வேலை போனது போனதுதான்.

திங்கட்கிழமை நான் புறப்பட வேண்டும். பல் தேய்த்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால் ஏழுமலை கரணையோடு அடுப்பங்கரையில் நிற்கிறார். கீழே சுண்ணாம்புக் கலவை, ஒரு அடுக்குச் செங்கல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன செய்கிறீர்கள்?"

"நான்தான் கூப்ட்டேன்கா" என்றாள் அஞ்சலாட்சி, ஈரத் தலையைத் துவட்டியபடி. "நின்னம்மா குள்ளமாம். நான் ஒசரம். இத்தினி வருசமா குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு வுட்டுப் போச்சி. மேடய ஒரு வரிச ஏத்தச் சொல்றேன். ஆடியில புதுசாத்தான் கட்டக் கூடாது, இருக்கிறத ஏத்தலாம்."

நூறு வருட மேடை, அந்தச் சிவப்புப் பூச்சு மறுபடி வராது, தொடாதீர்கள் என்று வாய்வரை வந்தது. என் தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நடக்கிறது. அதற்காகப் பினாங்கில் எத்தனையோ வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ஏழுமலையும் என் முகத்தைப் பார்த்தார், நான் தடுப்பேன் என்று.

அஞ்சலாட்சி மேடையருகே போய் நின்றாள். இல்லாத துடுப்பைப் பிடித்துக் கிண்டிக் காட்டினாள். முதுகு வளைந்தது. நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையிலிருந்து தரைவரை அளந்தேன். ஒரு வரிசை போதவில்லை.

"இரண்டு வரிசை வையுங்கள்" என்றேன்.

ஏழுமலை கலவையைப் பரப்பிவிட்டுக் கையை நீட்டினார். செங்கல்லைத் தண்ணீரில் நனைத்து, நான் எடுத்துக் கொடுத்தேன்.